ஒன்றுமே இல்லாத தண்ணீர்

“படார்!”

மாடி வீட்டுக்குள் கண்ணாடி உடையும் சத்தம். கீழே பேட்டரிக் கடையில் வேலையாக இருந்த அப்பா, கையிலிருந்த ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார்.

மகள் ஸ்கேல் அவருக்கு முன்பே அங்கே வந்து நின்றாள். அவளுக்குப் பத்து வயது. ஒல்லி, நெட்டை. போதாததற்கு எப்போதும் கையில் ஓர் அடிஸ்கேலை வைத்துக்கொண்டு எதையாவது அளந்துகொண்டே இருப்பாள். பள்ளியில் வைத்த பட்டப்பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஜன்னலுக்குக் கீழே தரையெல்லாம் தண்ணீர். கண்ணாடிச் சில்லுகள். நடுவில் ஒரு நீளமான கொடி. கொடிக்குப் பக்கத்தில் ஒரு பந்து. பந்துக்குப் பக்கத்தில் தம்பி. ஆறு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டதால் அவன் பெயர் பொக்கை.

“நான் இல்லை,” என்றான் பொக்கை, யாரும் கேட்பதற்கு முன்பே. “பந்துதான்.”

வேறு எது உடைந்திருந்தாலும் அப்பா சிரித்திருப்பார். உடைந்தது அம்மாவின் பாட்டில். அதில் இருந்தது அம்மாவின் செடி.

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வாரக் காய்ச்சல், நான்கு நாள் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். போன அம்மா திரும்பி வரவில்லை.

விரல் நீளத் துண்டாக யார் வீட்டிலிருந்தோ கிள்ளிக்கொண்டு வந்த மணி பிளான்ட்டை, காலியான காபித்தூள் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தது அம்மா. பாட்டிலின் அடியில் ஒரு கைப்பிடி மண்ணும் போட்டு வைப்பாள். அது ஜன்னலைச் சுற்றி ஒரு மாலை போல வளர்ந்தது. அப்போதெல்லாம் ஓர் இலை பதினான்கு சென்டிமீட்டர். ஸ்கேல் அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

இப்போது ஏழு இலைகள்தான் மிச்சம்.

அப்பா யாரையும் திட்டவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, வேர்களில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் சட்டையில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். பேட்டரி அமிலம் தெறித்ததால் விழுந்தவை. முன்பு அம்மா அவற்றைத் தைத்துக் கொடுப்பாள்.

“அப்பா, திட்டுங்கப்பா,” என்றான் பொக்கை, பயந்துபோய்.

“எதுக்குடா?”

“நீங்க சும்மா இருந்தா எனக்கு அழுகை வருது.”

அப்பா அவன் தலையைத் தடவிவிட்டு, ஒரு புதுப் பாட்டிலை எடுத்துவந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கேனின் சீலை உடைத்து, பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றினார். உலகத்திலேயே சுத்தமான தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். எட்டு மாதமாக, மண்கூடப் போடாமல், அந்தச் செடிக்கு அதைத்தான் ஊற்றுகிறார்.

கொடியின் நுனி மட்டும், இரண்டு சின்ன இலைகளோடு முறிந்து தனியாகக் கிடந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது பிழைக்காது,” என்று முணுமுணுத்து, கண்ணாடிச் சில்லுகளோடு குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கீழே போனார்.

அவர் தலை மறைந்ததும் ஸ்கேல் கூடைக்குள் கையை விட்டாள்.

“அக்கா, குப்பையைக் கிளறினா கை புண்ணாகும்னு அம்மா சொல்லுவா.”

“கம்முனு இரு. இது ரகசியம்.”

“ரகசியம்னா நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றான் பொக்கை. “ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன்.”

“ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது!”

முறிந்த நுனி ஒரு காலி இருமல் மருந்து பாட்டிலுக்குள் போனது. ஸ்கேலும் கேன் தண்ணீரைத்தான் ஊற்றினாள். நல்ல தண்ணீர் அதுதானே? பாட்டிலைத் தன் புத்தக அலமாரிக்குப் பின்னால், வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் நோட்டில் இரண்டு பட்டியல்கள்: பெரியது, சின்னது.

பெரியதில் எழுத நல்ல செய்தி ஒன்றும் இல்லை. அடியிலிருந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, ஒரு வாரத்தில் காகிதம் போல உதிர்ந்தன. மேலே வந்த ஒரு புது இலை வெளிறிப்போய், நான்கு சென்டிமீட்டரோடு நின்றுவிட்டது. அதன் நரம்புகள் மட்டும் பச்சை. நடுவிலெல்லாம் சோகை பிடித்த மாதிரி இருந்தது.

ஒருவேளை வெயில் போதவில்லையோ என்று நினைத்து, பாட்டிலை ஜன்னலின் மறுபக்கம் நகர்த்தினாள். பத்து நாள் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. இன்னோர் இலை விழுந்ததுதான் மிச்சம்.

பொக்கையிடம் வேறொரு காரணம் இருந்தது.

“செடிக்கு அம்மா ஞாபகம் வந்துடுச்சு அக்கா. அதான் சாப்பிட மாட்டேங்குது.”

தினமும் பள்ளி விட்டு வந்ததும் அவன் பாட்டிலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதற்குக் கதை சொல்வான். எல்லாக் கதையிலும் ஒரு யானை வரும். எல்லாக் கதையிலும் கடைசியில் அந்த யானையின் அம்மா ஊரிலிருந்து திரும்பி வந்துவிடும்.

ஒருநாள் படியேறி வந்த அப்பா அந்தக் கதையைக் கேட்டபடி வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. ஏதோ மறந்துபோனவர் போலத் திரும்பிக் கீழே இறங்கிப் போனார்.

அதை ஸ்கேல் பார்த்தாள். இந்தச் செடி போய்விட்டால் அப்பா என்ன ஆவார் என்று அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. பெரிய செடியில் நான்கு இலைகள் இருந்தன.

அடுத்த சனிக்கிழமை, அப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோனபோது கடையில் டெம்போக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் ஓயாமல் பேசுகிறவர். அவருடைய வண்டியின் பேட்டரி மேசைமேல் ஆறு வாயையும் திறந்துகொண்டு இருந்தது. அப்பா வெள்ளைக் கேனிலிருந்து ஒவ்வொரு வாயிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே, எதுக்கு இத்தனை சடங்கு?” என்றார் டெம்போக்காரர். “அதோ குழாய் இருக்கு. திறந்து ஊத்த வேண்டியதுதானே? தண்ணின்னா தண்ணிதானே?”

“யோவ், குழாய்த் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு, இரும்பு இருக்கு, உப்பு இருக்கு. அதுக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு. எல்லாம் போய் உள்ள இருக்கிற தட்டுல படிஞ்சா உன் பேட்டரி படுத்துடும். இது கொதிக்க வெச்சு, ஆவியைப் பிடிச்சு, குளிர வெச்சு எடுத்த தண்ணி. இதுல என்ன இருக்கு தெரியுமா?”

“என்ன இருக்கு?”

“ஒண்ணுமே இல்லை! அதுதான் இதோட பெருமை.”

“ஒண்ணுமே இல்லாததை இவ்வளவு பெரிய கேன்ல அடைச்சு, அதுக்கு ஒரு மூடியும் போட்டு வெச்சிருக்கீங்களே! கெட்டிக்காரர்ணே நீங்க.”

இருவரும் சிரித்தார்கள். ஸ்கேல் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த தேநீர் தளும்பித் தட்டில் கொட்டியது.

ஒண்ணுமே இல்லை.

தடதடவென்று மாடிக்கு ஓடி அறிவியல் புத்தகத்தைப் புரட்டினாள். போன மாதம் நடத்திய பாடம்தான். அன்று அது வெறும் மனப்பாடம். இன்று ஒவ்வொரு வரியும் ஜன்னலில் இருந்த செடியைப் பற்றியே எழுதியது போல இருந்தது.

தண்ணீர், காற்று, வெளிச்சம் மூன்றும் இருந்தால் செடி தன் சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். ஆனால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, இரும்பு, மக்னீசியம் போன்றவற்றை அதனால் செய்ய முடியாது. மண்ணிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவதை வேர்தான் உறிஞ்சிக் கொடுக்க வேண்டும். இரும்பு குறைந்தால் புது இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். தழைச்சத்து குறைந்தால் முதலில் பழைய இலைகள் மஞ்சளாகும். ஏனென்றால் செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும்.

கடைசி வரியை ஸ்கேல் இரண்டு முறை படித்தாள்.

“பொக்கை, இங்க வா. இந்தச் செடிக்கு ஒன்பது மாசமா சாப்பாடே இல்லை.”

“தண்ணி குடிக்குதே?”

“உனக்குத் தினமும் வெறும் தண்ணி மட்டும் கொடுத்தா?”

பொக்கை தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “அப்போ எப்படி இவ்வளவு நாள் உயிரோட இருந்துச்சு?”

“பழைய இலை எல்லாம் தன்கிட்ட இருந்ததைக் கொடுத்துட்டு விழுந்திருக்கு. இப்போ கொடுக்கப் பழைய இலையும் இல்லை.”

அன்று மாலை அப்பாவிடம் நேராகவே கேட்டாள். “அப்பா, செடிக்குக் குழாய்த் தண்ணி ஊத்தலாமாப்பா? கொஞ்சம் மண்ணு போட்டு...”

“வேணாம்.”

“ஏன்னா, அறிவியல் புத்தகத்துல...”

“வேணாம்னா வேணாம்.” அப்பாவின் குரல் இத்தனை கடுமையாக அவள் கேட்டதே இல்லை. “அந்தத் தண்ணி உங்கம்மா செடிகிட்ட வரவே கூடாது. புரியுதா?”

அம்மா போன பிறகு அந்த வீட்டில் குடிதண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைத்து, இரண்டு தடவை வடிகட்டுவார்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா பாட்டில் மூடியை இறுக்கிவிட்டு, ‘வெளியில தண்ணி குடிக்கக் கூடாது’ என்று தினமும் சொல்வார். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பா பார்க்காதபோது பெரிய பாட்டிலின் தண்ணீரை மாற்றிவிட முடியும். ஒரு நிமிட வேலை. ஸ்கேல் அதற்காகப் பாட்டிலைக் கையில் எடுத்தும்விட்டாள். தினமும் காலையில் அப்பா அதன் எதிரே நிற்கும் கோலம் ஞாபகம் வந்தது. திரும்ப வைத்துவிட்டாள். அது அப்பாவுடைய செடியும்தான். அவருக்குத் தெரியாமல் அதன் தண்ணீரை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் குப்பையில் போட்டது அப்பாவுடையது இல்லையே?

பக்கத்துக் கடை தையல் அத்தையிடம் போனாள். அத்தை வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசக்கூடியவர்.

“அத்தை, உங்க ஜன்னல்ல இந்தப் பாட்டிலை வெச்சுக்கட்டுமா? கொஞ்ச நாளைக்கு.”

அத்தை இருமல் மருந்து பாட்டிலையும் அதிலிருந்த வெளிறிய இரண்டு இலைகளையும் பார்த்தார். “ஏண்டி ஸ்கேலு, செடிக்கு இருமலா?”

“இல்லை அத்தை. பசி.”

“அதைப் பார்த்தா உன் கூடப் பிறந்த மாதிரியே இருக்கு. ஒல்லிக்குச்சி! வை, வை. துணியில மட்டும் தண்ணி கொட்டின, உன்னையும் சேர்த்துத் தைச்சுடுவேன்.”

பள்ளி மைதானத்தின் பெரிய மரத்தடியில் இலைகள் மக்கிக் கறுப்பாகக் கிடந்த மண்ணை ஸ்கேல் ஒரு டப்பாவில் அள்ளி வந்தாள். குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தாள். மறுநாள் அத்தை கொடுத்த துண்டுத் துணியில் வடிகட்டினாள். வந்தது பார்க்க வெறும் தேநீர் போல இருந்தது.

“இதுதான் சாப்பாடா?” என்றான் பொக்கை, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

“இதுதான்.”

“பாவம்.”

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் தண்டின் கணுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்கேல் அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர். அடுத்த வாரம் அது ஒன்றரை சென்டிமீட்டர் வேர். பிறகு வெளிறிய இலைகளில் மெதுவாகப் பச்சை ஏறியது.

முப்பத்தாறாம் நாள், சுருட்டி வைத்த காகிதம் போல ஒரு புது இலை எட்டிப் பார்த்தது. நாற்பத்தொன்றாம் நாள் அது விரிந்தது. ஆறு சென்டிமீட்டர். முழுப் பச்சை.

அதே நாள் மாலை, வீட்டு ஜன்னலில் இன்னோர் இலை உதிர்ந்தது. பெரிய செடியில் மிச்சம் இரண்டு.

அப்பா உதிர்ந்த இலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். “நல்ல தண்ணிதானே ஊத்துறேன்,” என்றார், இலையைப் பார்த்து. “இதைவிடச் சுத்தமா நான் எங்கே போய்க் கொண்டு வருவேன்?”

ஸ்கேல் விடுவிடுவென்று படியிறங்கிப் போய், தையல் அத்தையின் ஜன்னலிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்துவந்தாள். பெரிய பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நோட்டையும் திறந்து வைத்தாள்.

அப்பா அந்தப் பச்சை இலையைத் தொட்டார். “இது எந்தச் செடி?”

“நீங்க குப்பையில போட்டதுப்பா.”

“அதுவா? அது... பிழைச்சுடுச்சா?” அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. “என்ன ஊத்தின?”

“மண்ணு ஊறின தண்ணி.”

“எந்தத் தண்ணியில?”

“குழாய்த் தண்ணியிலப்பா.”

“கொட்டு அதை.”

“அப்பா...”

“செடிக்கு அந்தத் தண்ணி வேணாம்னு சொன்னேனா இல்லையா? கொட்டு!”

பொக்கை ஓடிவந்து சின்னப் பாட்டிலை நெஞ்சோடு கட்டிக்கொண்டான். “இதைக் கொட்டினா நான் சாப்பிட மாட்டேன். ராத்திரிக்கு மட்டும் சாப்பிடுவேன். ஆனா நாளைக்குச் சாப்பிட மாட்டேன்!”

ஸ்கேலின் கண்களில் நீர் நிறைந்துவிட்டது. ஆனாலும் நோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் காட்டினாள்.

“பாருங்கப்பா. முதல் நாலு வாரம் இதுக்கும் கேன் தண்ணிதான் ஊத்தினேன். வேர் வரலை. இலை வெளிறிப்போச்சு. இதோ, இந்த நாள்ல இருந்துதான் மண்ணுத் தண்ணி. அதுக்கப்புறம் பாருங்க. நீங்கதானே டெம்போ மாமாகிட்ட சொன்னீங்க, கேன் தண்ணியில ஒண்ணுமே இல்லைன்னு? பேட்டரிக்கு அது நல்லது. ஆனா இது பேட்டரி இல்லப்பா. இதுக்குப் பசிக்குது.”

அப்பா நோட்டைக் கையில் எடுத்தார். நெடுநேரம் படித்தார். அவருடைய ஆள்காட்டி விரல், எண்களின் மேல் ஊர்ந்து போனது. ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம்.

“பத்து மாசமா...” என்றார். “பத்து மாசமா நான் இதைப் பட்டினி போட்டிருக்கேனா?”

“உங்களுக்குத் தெரியாதுப்பா. எனக்கும்தான் தெரியாது. நானும் அதைத்தான் ஊத்தினேன்.”

அப்பா பெரிய பாட்டிலை எடுத்துப் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்த்தார். ஒன்றுமே இல்லாத தண்ணீர் ஓடிப் போனது. பிறகு குழாயின் மேல் கையை வைத்தார். திருகவில்லை.

“நீயே ஊத்து பாப்பா,” என்று பாட்டிலை அவளிடம் கொடுத்தார். “என் கையால முடியாது.”

அவர் கீழே போய்விட்டார். கடையில் அன்று மாலை ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அடுத்த நாட்கள் ஸ்கேலுக்குப் பெரும் பயமாகப் போயின. மண்ணுத் தண்ணீர் ஊற்றிய எட்டாம் நாள், இரண்டு இலைகளில் ஒன்றும் மஞ்சளாகி விழுந்தது. அப்பா காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். மாலையிலும் வந்து பார்த்தார்.

“அக்கா, நாம லேட்டா சாப்பாடு போட்டுட்டோமோ?” என்று பொக்கை கேட்டான்.

அவன் சொன்ன யானைக் கதையை அன்று ஸ்கேலும் உட்கார்ந்து கேட்டாள்.

பழைய பழுப்பு வேர்களுக்கு நடுவே, நூல் போல வெள்ளை வேர் ஒன்று வந்திருப்பதைப் பன்னிரண்டாம் நாள் பொக்கைதான் பார்த்தான். பிறகு தினமும் அதை எண்ணினார்கள். ஒன்று, மூன்று, ஏழு. கணுவில் ஒரு கூர்முனை தெரிந்தது. அது நீண்டது. திரண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

“அப்பா! அக்கா! வாங்க, வாங்க! செடி கையை விரிச்சுடுச்சு!”

கத்திய வேகத்தில் பொக்கைக்கு மூச்சு வாங்கியது. ஸ்கேல் அடிஸ்கேலோடு ஓடினாள். அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார்.

புது இலை, வெளிச்சத்தில் ஈரம் போலப் பளபளத்தது. வெளிறல் இல்லை. நரம்பு எது, இலை எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே பச்சை.

“ஒன்பது சென்டிமீட்டர்!” என்றாள் ஸ்கேல்.

“பத்துன்னு எழுதிக்க அக்கா. யாரு பார்க்கப் போறாங்க?”

ஸ்கேல் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் மெதுவாக ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். நுரையின் நடுவே கண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

“பொக்கை, போய் அப்பாவுக்குத் துண்டு எடுத்துட்டு வா,” என்றாள் ஸ்கேல். தம்பி உள்ளே ஓடியதும், அவளும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஏம்ப்பா? பிழைச்சுடுச்சேப்பா.”

“பிழைச்சுடுச்சு.” அப்பா தலையாட்டினார். “குழாய்த் தண்ணியைக் குடிச்சுட்டு ஜம்முனு நிக்குது. உங்கம்மாவுக்குத்தான்...”

நிறுத்திவிட்டார்.

“உங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கு முன்னாடி மூணு நாள் வீட்டுக் குழாய்ல தண்ணியே வரலை. ஞாபகம் இருக்கா? நான்தான் தெருமுனைக் குழாய்ல ஒரு கேன் பிடிச்சுட்டு வந்தேன். காய்ச்சணும்னு அவ சொன்னா. அடுப்புல வேற வேலை இருந்துச்சு. ‘கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு நாள் குடிச்சா என்ன ஆகிடும்’னு நான்தான் சொன்னேன். அவளும் சரின்னு குடிச்சா. அப்புறம்தான் காய்ச்சல்.”

“அந்தத் தண்ணினாலதான்னு டாக்டர் சொன்னாராப்பா?”

“எதனாலன்னு தெரியலைன்னு சொன்னார். தண்ணியா இருக்கலாம், வெளியில சாப்பிட்டதா இருக்கலாம், வேற என்னவாவது இருக்கலாம்னார்.” அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “எனக்குத் தெரியும் பாப்பா. கொண்டு வந்து கொடுத்தது நான்தானே? இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.”

உள்ளே அடுப்பில், குடிதண்ணீர் இரண்டாவது முறையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூடி மட்டும் கடகடவென்று ஆடியது.

அந்தக் கேன் ஸ்கேலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்காததால் அவளும் சொன்னதில்லை.

அவள் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, திட்டு விழும்னு நான் அன்னைக்குச் சொல்லலை... ஸ்கூல் விட்டு வந்ததும், அம்மாவுக்கு முன்னாடியே அந்தக் கேனைத் திறந்து ரெண்டு டம்ளர் குடிச்சது நான்தான்பா, எனக்கு ஒரு வயித்து வலிகூட வரலையே!”